சம்பந்தப்பட்டவர்

காயில்காரர் வீட்டில் ஆண்டவருக்கு வேலை அதிகம். மற்ற வீடுகளில் நோய் தீர வேண்டும், பரீட்சையில் தேற வேண்டும் என்று நாலு விஷயம் கேட்டுவிட்டு அவரை விட்டுவிடுவார்கள். இங்கே வார்னிஷ் டப்பாவை மூடாமல் போனது யார் என்பது வரைக்கும் அவர் காதுக்குத்தான் போகும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம். முன்னறையில் சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாலு பேரும் முழங்கால் போடுவார்கள். காயில்காரர் ஜன்னல் பக்கம், அவருக்கு எதிரே மகன், நடுவில் அம்மா, கதவோரம் மருமகள். நாலு பேரும் கண்ணை மூடிக்கொள்ள, ஆளுக்கு ஒரு ஜெபம், சத்தமாக. அப்பாவும் மகனும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை ஆண்டவரிடம் சொல்லிக்கொள்ளும் நேரம் அது.

"கர்த்தாவே, மூணு நாளா அடுப்புப் பெட்டியில சூடு ஏற மாட்டேங்குது. வார்னிஷ் காயாமலே மோட்டார் வெளிய போகுது. சம்பந்தப்பட்டவருக்கு நீரே உணர்த்தும்."

இது மகன். சம்பந்தப்பட்டவர் இரண்டடி தள்ளி முழங்காலில் இருப்பார்.

"பரம பிதாவே, சூடு ஏறுற வரைக்கும் கதவைத் திறந்து திறந்து பாக்குறவங்களுக்குப் பொறுமையைத் தாரும்." இது அப்பா.

"ஆண்டவரே, இவங்க ரெண்டு பேருக்கும் நீரே பதில் சொல்லிக்கும். எனக்கு ரொட்டி ஆறுது." இது அம்மா. பிறகு எல்லோரும் ஆமென் சொல்லி எழுந்து சாப்பிடுவார்கள். மறுநாள் காலை அடுப்புப் பெட்டிக்குப் புதுக் கம்பி போட்டிருக்கும். ஜெபம் கேட்கப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது.

இப்படி ஆறு வருஷம். காரணம் சின்னது. கருகிப்போன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பது அவர்கள் தொழில். கம்பி சுற்றும்போது சுற்று எண்ண வேண்டும்; நூற்றுப் பதினெட்டு என்றால் நூற்றுப் பதினெட்டு. ஒருநாள் அப்பா எண்ணிக்கொண்டிருக்கும்போது மகன் ஏதோ கேட்டான். எண்ணிக்கை தவறியது. அந்த மோட்டார் கிணற்றடியிலேயே புகைந்தது. ஆட்கள் நாலைந்து பேர் நிற்க, அப்பா, "வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கத் தெரியாதாடா உனக்கு?" என்றார். மகன் வாயை மூடிக்கொண்டான். அப்பா சொன்னதை இத்தனை ஒழுங்காகக் கேட்ட பிள்ளை வேறு யாரும் இருக்க முடியாது. தெருவில் அவனுக்கு சைலன்சர் என்று பெயர் வந்தது.

ஒரே பட்டறை, ஒரே மேசை. அப்பா பழைய காயிலைப் பிரித்து, சுற்றையும் கம்பியின் கனத்தையும் மோட்டார் மேல் சாக்பீஸால் எழுதி வைப்பார். மகன் படித்துச் சுற்றுவான். சுற்றியதை அப்பா சொருகுவார், மகன் நூல் கட்டுவான். பார்க்கிறவர்களுக்கு நாலு கையுள்ள ஒரே ஆள் வேலை செய்வது போலிருக்கும்.

மருமகள் வந்தபோது இது அவளுக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. அவள் பிறந்த வீட்டில் ஜெபம் மனசுக்குள் செய்வார்கள். சண்டை சத்தமாகப் போடுவார்கள். "இங்க எல்லாம் தலைகீழா இருக்கு அத்தை," என்று மாமியாரிடம் சொன்னாள்.

"பழகிரும். உங்க மாமா என்கிட்டயே முதல் தடவையா 'குழம்புல உப்பு ஜாஸ்தி'ன்னு ஆண்டவர்கிட்டதான் சொன்னாரு."

போன வருஷம் மழைக்காலத்தில் மருமகளுக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவளை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டு மற்ற மூவரும் முழங்கால் போட்டார்கள். கதவு திறந்திருந்தது. அவள் படுத்தபடி கேட்டாள். மகன் அன்று மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை.

"ஆண்டவரே, நான் பேசாம இருந்தது தப்பு. அஞ்சு வருஷமாத் தப்பு. எனக்கு இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. அப்பா ஒரு வார்த்தை பேசினாப் போதும். திட்டினாக்கூடப் போதும்."

அழுகை வந்து பேச்சு நின்றுவிட்டது. பிறகு காயில்காரரின் குரல், "ஆமென்" என்றது. எழுந்து பட்டறைப் பக்கம் போகும் காலடிச் சத்தம். அடுப்புப் பெட்டியை அணைக்கப் போனார்.

அதற்குப் பிறகு மகனுடைய ஜெபம் ஒரு வரியானது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்." ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் சர்ச்சுக்குக் கூட்டிப்போவான், உள்ளே வர மாட்டான். சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் நிற்பான். திருடு போகிறது என்று காரணம் சொன்னான். அதன் பிறகு அங்கே ஒரு சைக்கிள் பெல்கூடத் திருடு போகவில்லை, அவன் காவலின் மகிமை அப்படி.

"ஏங்க உள்ள வர மாட்டேங்கிறீங்க?" என்று ஒருமுறை மனைவி கேட்டாள்.

"காதுல விழுந்தும் சும்மா இருக்குற ஒருத்தரு வீட்டுலயே இருக்காரு. மேல வேற ஒருத்தரு எதுக்கு?"

அன்றைய ஆமெனை அவளும்தான் கேட்டிருந்தாள்.

காயில்காரரின் ஜெபமும் அந்தக் காலத்தில் மாறியிருந்தது. அடுப்பு, கம்பி, பேரிங் எல்லாம் போய், "எல்லாரையும் ஆசீர்வதியும், சமாதானத்தைத் தாரும்" என்று பொதுவாக முடித்துக்கொண்டார். "இப்பல்லாம் எனக்கு ஜவாப் சொல்றதுகூட அவருக்குக் கேவலமாப் போச்சு," என்றான் மகன் மனைவியிடம்.

இந்த வருஷம் வெயில் ஏறியதும் மோட்டார்கள் வரிசையாகக் கருகி வந்தன. கரண்ட் குறைந்து குறைந்து வர, ஊரில் பாதிப் பம்புகள் படுத்துவிட்டன. பட்டறை வாசல் வரைக்கும் மோட்டார். வார்னிஷ் வாடை சோற்றிலும் வந்தது. அப்படி மூச்சுவிட நேரமில்லாத ஒரு வாரத்தின் செவ்வாய்க்கிழமை, ஜெபத்தில், மகன் ஒரு வரியோடு நிறுத்தவில்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. சனிக்கிழமை நானும் இவளும் இந்த வீட்டை விட்டுப் போறோம். வெளியூர்ல பம்பு கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு, குவார்ட்டர்ஸ் உண்டு. திரும்பி வர்ற யோசனை இல்ல. சம்பந்தப்பட்டவருக்கு இது தெரிஞ்சிருக்கட்டும். ஆமென்."

அம்மாவிடமிருந்து ஒரு விக்கல் சத்தம் மட்டும் வந்தது.

மருமகள் கண்ணைத் திறந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். மாமனார் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜெபத்தில் கண் திறப்பது அந்த வீட்டில் பெரிய குற்றம், அதனால் அதுவரை யாரும் யாரையும் பார்த்ததில்லை. பார்த்தால், அவர் கண் ஏற்கெனவே திறந்திருந்தது. லேசாக முன்னால் சாய்ந்து, மகனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனோ தலை குனிந்து மீசைக்குள் பேசுகிறவன். அவன் வாய் அசைவது நின்றதும், காயில்காரர் திருப்தியாக "ஆமென்" என்றார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "முட்டை வெந்துருச்சா?" என்று கேட்டார்.

மகன் மனைவியைப் பார்த்தான். பாத்தியா என்று கேட்கிற பார்வை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். முட்டை வெந்திருந்தது. காயில்காரர் இரண்டு சாப்பிட்டார்.

மருமகளுக்கு மட்டும் அந்தத் திறந்த கண் மறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மகன் ஒரு பம்பைப் பொருத்தப் போயிருந்தான். அவள் டீ எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். காயில்காரர் முடித்த மோட்டார் ஒன்றை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, பேரிங் சத்தம் கேட்பது எல்லா மெக்கானிக்குகளும் செய்வது. இவர் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, தாடையால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். மோட்டாரை அவர் நிறுத்தும் வரை காத்திருந்தாள்.

"மாமா, டீ."

திரும்பவில்லை.

"மாமா, பட்டறை தீப்பிடிச்சு எரியுது."

துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா, அத்தை உங்களை விட்டுட்டுப் போயிட்டாங்க."

ஒரு நட்டைத் தேடினார். கிடைத்தது.

அவள் சுற்றி வந்து முன்னால் நின்றாள். "அட, டீயா? வை மா," என்றார். அவள் டீயை வைக்கவில்லை. ஒரு விரலால் தன் காதைத் தொட்டு, கையை விரித்தாள்.

அவர் வாசலைப் பார்த்தார். மகன் சைக்கிள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க அத்தைக்கே தெரியாது," என்றார். "அவ எப்பவும் கத்தித்தான் பேசுவா. கடைக்கு வர்றவங்க எது சொன்னாலும் 'பாத்துக்கலாம்'னு சொல்லிருவேன். மெக்கானிக்கு அதைத்தானே சொல்லுவான்? ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. சர்ச்சுல போதகரு என்னைக் காட்டி, பிரசங்கத்தை இவரு மாதிரி கண் இமைக்காமக் கேக்கணும்னாரு. அவரு வாயைப் பாத்துட்டு இருந்தேன் மா."

அவளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "எவ்வளவு நாளா?" என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"வலது காது போயி நாலு வருஷம். இடது... உனக்கு உடம்புக்கு முடியாமப் போச்சே, அதுக்கு ஒரு மாசம் முந்தி."

டீக் கோப்பையை அவள் மேசையில் வைத்தாள்.

"அன்னிக்கு அவரு ஜெபம் பண்ணினாரே, கேட்டீங்களா மாமா?"

அவள் இரண்டு தடவை சொன்ன பிறகு அவருக்குப் பிடிபட்டது.

"ரொம்ப நேரம் பண்ணினான். அழுதான், பாத்தேன். கொழந்தைக்காக அழுறான்னு நெனச்சேன். எழுந்து போயி தோள்ல கை வெச்சிருக்கணும். பேச்சே இல்லாதவன் தோள்ல எப்படிக் கை வைக்கிறது? ஆமென்னு சொல்லிட்டு அடுப்பை அணைக்கப் போனேன். அடுப்பு எரியவே இல்ல. இருட்டுல சும்மா நின்னுட்டு வந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல மாமா, காது கேக்கலைன்னு?"

"சொல்லாத மா அவன்கிட்ட." கிட்டத்தட்டக் கும்பிட்டார். "அவன் வாயைத் திறக்கிறதே அந்த ஒரு வேளைதான். எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சா அதையும் நிறுத்திருவான். என்ன சொல்றான்னு தெரியாட்டி என்ன? பேசுறான்ல. எதிர்ல உக்காந்து பாத்துட்டு இருப்பேன். கொஞ்ச நாளா ஒரு வரியோட முடிச்சிருவான், மனசு என்னமோ மாதிரி இருக்கும். நேத்து நெறைய பேசினான். எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

அவள் மேசையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். பக்கத்திலிருந்த மோட்டாரின் மேல், சுற்று எண்ணிக்கை எழுதும் இடத்தில், எழுதினாள். 'சனிக்கிழமை நாங்கள் வீட்டை விட்டுப் போகிறோம்.'

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். திரும்பப் படித்தார்.

"நேத்து இதைத்தான் சொன்னானா?"

தலையாட்டினாள்.

"நான் ஆமென்னு சொன்னேனே," என்றார். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் உரக்க. "முட்டை வெந்துருச்சான்னு வேற கேட்டேன்."

டீ ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தும் புழுக்கம் இறங்கவில்லை. மகன் வந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். கிரீஸ் எளிதில் போகாது. மரத்தூள் போட்டுத் தேய்க்க வேண்டும். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். காது, பல்லில் கடித்த ஸ்க்ரூடிரைவர், திறந்த கண், போன வருஷத்து ஆமென். சொல்லாதே என்று அவர் கேட்டதையும் சொன்னாள்.

அவன் கை தேய்ப்பதை நிறுத்தவில்லை. தோல் சிவந்த பிறகும் தேய்த்தான். அவனுக்கு நிம்மதி வரும் என்று அவள் நினைத்திருந்தாள். கோபம்தான் வந்தது.

"அப்போ கிட்டத்தட்ட ஒரு வருஷமா நான் யார்கிட்டப் பேசிட்டு இருந்தேன்?"

"ஆண்டவரேன்னு கூப்பிட்டுத்தானே ஆரம்பிச்சீங்க?"

"நக்கலா?"

"நக்கல் பண்ற நேரமாங்க இது? நெசமாத்தான் கேக்குறேன். யார்கிட்டப் பேசினீங்க?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். பேசாமல் இருக்கத்தான் தெரியும்.

"அவருகிட்டதான். எப்பவும் அவருகிட்டதான். ஆண்டவரேன்னு சொல்றது கவர் மேல எழுதுற அட்ரஸ் மாதிரி. அந்த அட்ரஸ்ல ஒருத்தரு இருக்காரா இல்லையான்னு நான் யோசிச்சதே இல்லை. அப்பா முகத்தை வெச்சுத்தான் எல்லாம். அவரு அடுப்பைச் சரி பண்ணினா, ஆண்டவரு கேட்டாரு. அவரு ஆமென்னு எழுந்து போனா, ஆண்டவரும் எழுந்து போயிட்டாரு."

"அன்னிக்கு அவரு காதுல ஒண்ணுமே விழல."

"ம்."

"அப்போ அதை வேற யாரு கேட்டது?"

தண்ணீர் வாளியில் தீர்ந்திருந்தது. "நீ கேட்டே," என்றான். "அம்மா கேட்டாங்க." கையை உதறிவிட்டு, "வேற யாரு கேட்டாங்கன்னு எனக்குத் தெரியல," என்றான். வேறு யாரும் இல்லை என்பதில் இத்தனை நாளும் உறுதியாக இருந்தவன்.

அன்று ஜெபத்துக்கு அவன் வரவில்லை. வெளியே நடக்கப் போனான். எதிர்ப் பக்கம் காலியாக இருக்க, காயில்காரர் தரையைப் பார்த்து "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்றார்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போலப் பட்டறை திறந்தது. அம்மா வாசலில் நின்று ஒரு வாடிக்கைக்காரரிடம், நாளைக்கு வாங்க என்று மூன்றாவது நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காயில்காரர் ஒரு பெரிய மோட்டாருக்குள் காயில் சொருகிக்கொண்டிருந்தார். மூங்கில் சீவலால் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்துக்குள் தள்ள வேண்டும். பூச்சு உரியக் கூடாது. மகன் உள்ளே வந்து அவருக்குப் பின்னால் நின்றான்.

"அப்பா," என்றான்.

ஆறு வருஷத்தில் முதல் தடவை. அந்தச் சொல்லைக் கேட்டது வாசலில் நின்ற அம்மாவும் வாடிக்கைக்காரரும் மட்டும். அம்மா பேச்சை நிறுத்தினாள்.

மகன் கையை நீட்டினான். தோளுக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. பிறகு வைத்தான்.

காயில்காரர் திரும்பினார். தோளில் இருக்கும் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பழக்கத்தில் வாயைப் பார்த்தார்.

"நான் பேசாம இருந்தது தப்புப்பா," என்றான் மகன்.

"என்ன?"

"தப்புப் பண்ணிட்டேன்னு சொன்னேன்."

"மீசைக்குள்ள பேசாதடா. வாய் தெரியுற மாதிரி சொல்லு."

மகன் குனிந்து உட்கார்ந்தான். முகம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணை மூடி முனகியதை இப்போது கண்ணைத் திறந்து கத்த வேண்டியிருந்தது. கத்தினான். "பேசாம இருந்தது தப்பு! உங்களுக்குக் காது போனதுகூடத் தெரியாம பக்கத்துல இருந்திருக்கேன்! தப்பு!"

தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். சைலன்சருக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"இன்னொரு தரம் சொல்லு," என்றார் காயில்காரர்.

மகன் மறுபடியும் கத்த வாயெடுத்தான். அவர் கண் நிறைந்திருப்பதைப் பார்த்தான். கத்தியதிலேயே அவருக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் சொன்னான், இந்த முறை மெதுவாக, உதட்டை நிதானமாக அசைத்து.

"எம் மேலதான் தப்பு," என்றார் அவர். "எண்ணிக்கை தவறினது நான். உன் வாயை மூடச் சொன்னேன். மூடிட்டே. அதைத் திறக்கச் சொல்ல எனக்குத் தெரியல." மூங்கில் சீவலை விரலில் உருட்டினார். "கொழந்தை போனப்ப..." என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் போகவில்லை. மகன் தோளில் கிரீஸ் கையை வைத்தார்.

வாசலிலிருந்து அம்மா, "அப்போ நான் இத்தனை நாளா ஒரு செவிடரோடயா குடும்பம் நடத்தினேன்?" என்று கேட்டு அழ ஆரம்பித்தாள். வாடிக்கைக்காரர், நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மகன் கம்பெனிக்குப் போன் செய்து, வர முடியாது என்றான். ஏன் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. "இங்க மோட்டார் சத்தம் கேக்க ஆள் வேணும்," என்றான். மருமகள் கட்டி வைத்திருந்த துணிகளைப் பிரித்தாள். அவளை யாரும் கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அதைப் பற்றி ஒருநாள், பிறந்த வீட்டு வழக்கப்படி, சத்தமாகப் பேச வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கு மேசையைத் தள்ளினார்கள். காற்று மாறியிருந்தது; தூரத்தில் எங்கோ மழை பெய்த வாசனை. நாலு பேரும் முழங்கால் போட்டார்கள். காயில்காரர் முதலில் ஜெபித்தார், வழக்கத்தைவிடச் சத்தமாக. அம்மா ஒரு பெருமூச்சோடு முடித்துக்கொண்டாள். மருமகள் அவள் வழக்கப்படி மனசுக்குள்.

மகன் முறை.

அவன் கண்ணை மூடினான். "ஆண்டவரே," என்றான்.

அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதைக் காலையிலேயே அப்பாவிடம் சொல்லியாகிவிட்டது. கம்பியைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது. மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. எதிரே இருப்பவருக்குக் காது கேட்காது. சொல்ல வேண்டிய ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, இந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. முப்பத்தொரு வயதில், யாருக்கும் எட்ட வேண்டாத ஒரு ஜெபத்தின் முன்னால் முதல் தடவையாக நின்றான்.

"டேய், தூங்கிட்டியா?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"இல்லம்மா. இரு."

மருமகள் கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் உதடு அசையவில்லை. கன்னத்தில் மட்டும் ஏதோ ஈரம் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே காயில்காரர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். உதடு நின்றால் ஆமென் சொல்லிவிடுகிறவர். இப்போது அவனையே பார்த்துக்கொண்டு, ஆமென் சொல்லாமல், முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தார். மருமகள் பார்ப்பதைப் பார்த்ததும் ஒரு விரலை வாயில் வைத்துக் காட்டினார். பிறகு, அவனை அவன்பாட்டுக்கு விட்டுவிட்டு, மெதுவாகத் தன் கண்களை மூடிக்கொண்டார்.